பத்தொன்பதாவது ஆள்

சந்தியாகுமுனையில் யாரிடமாவது கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால், கை நீட்டிக் கிழக்கைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை தங்கள் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். கஸ்பாரின் ஒருநாள் கடற்கரை நடைக்குப் பதினெட்டுப் பேராகக் கிளம்பிப் போனவர்கள் பத்தொன்பது பேராகத் திரும்பி வந்த வருஷத்தில் ஊருக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம் அது.

கஸ்பாருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. படகில் ஏறினால் வாந்தி, வலையைத் தொட்டால் சிக்கல் என்று கடற்கரையில் பிறந்தும் கடலுக்கு உதவாத ஆளாக இருந்தவன், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் தொழிலைத் தானே உண்டாக்கிக்கொண்டான். சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கலங்கரை விளக்கத்தடியில் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தலைகளை எண்ணுவான். எண்ணி முடித்து, "வாங்க, எல்லாரும் எம் பின்னாலேயே வாங்க" என்று கையை வீசுவான். அங்கிருந்து விளக்கின் உச்சி, உச்சியிலிருந்து இறங்கிக் கரையோரமாக இரண்டு மைல் நடை, நடுவில் ஒரு குகை, குகையில் வந்தவர்களின் முகத்தைப் பொறுத்து ஒரு புனிதரோ ஒரு கடத்தல்காரனோ மழைக்கு ஒதுங்கிய கதை, குகை தாண்டி மணலில் புதைந்த துருப்பிடித்த நங்கூரம், அது போர்த்துக்கீசியர் விட்டுப்போனது என்று கஸ்பார் சொல்ல, அது தன் அப்பா பழைய இரும்புக் கடையில் வாங்கிப் போட்டது என்று எதிரே வரும் ஊர்க் கமிட்டித் தலைவர் சூசைநாயகம் சொல்ல, மத்தியானம் அக்கா ரெபேக்காள் வீட்டில் மீன் குழம்புச் சாப்பாடு, சாப்பிட்ட களைப்போடு சிவப்பு மணல் தேரியில் ஏறி டெல்பினாவின் கொடிமுந்திரித் தோட்டம், தோட்டத்திலிருந்து வைன் ஜாடியோடு மறுபடி கரைக்கு இறங்கி, மாதா கோயில் பாறைக்குக் கீழே வெயில் தாழும் நேரத்தில் ஆளுக்கொரு மண் கோப்பை.

வைன் டெல்பினாவின் கைப்பக்குவம். முருங்கைகூட ஒருமுறைக்கு இருமுறை யோசித்து முளைக்கிற அந்தத் தேரியில் இருபத்தாறு திராட்சைக் கொடிகளைப் பந்தலில் ஏற்றி, பழம் பறித்து, பிழிந்து, ஜாடியில் கட்டி வைத்து, நாற்பது நாள் அதன் பக்கத்தில் யாரும் சத்தம் போட்டுப் பேசாமல் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு உலகத்தில் ஒரே எதிரி உப்பு. அதனால் தோட்டத்து வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சட்டமும் வைத்திருந்தாள்: செருப்பை வாசலில் கழற்று, காலைக் கழுவு, பிறகு உள்ளே வா. ஒருமுறை மறைமாவட்டத்துக்கே ஆயரான மேற்றிராணியாரே வந்தபோதும் அவருடைய கறுப்பு ஷூ வாசலில்தான் கிடந்தது. மேற்றிராணியார் காலுறையோடு நின்று தோட்டத்தை ஆசீர்வதித்தார்.

ஆறு வருஷம் அந்த வாளித் தண்ணீரில் கால் கழுவிய பிறகு ஒருநாள் கஸ்பார், கழுவிக்கொண்டே, தன்னைக் கட்டிக்கொள்ள அவளுக்குச் சம்மதமா என்று கேட்டான். "முதல்ல கழுவி முடிங்க, அப்புறம் கேளுங்க" என்றாள். முடித்துவிட்டுக் கேட்டான், சம்மதம் என்றாள். கொடிகளை விட்டு அவளால் வர முடியாதென்பதால் கஸ்பார்தான் தோட்டத்து வீட்டுக்குக் குடிபோவது என்று பேச்சாகி, கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஊரைக் கேட்பதற்குத்தான் ஓலை என்று பெயர். கஸ்பாருக்கு யாரால் தடை வரப்போகிறது, ஊரில் எதிரி சேர்க்கும் அளவுக்கு அவன் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ததில்லை.

இனி கடலுக்கு ஊற்றும் ஒரு வாய் வைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வைனைத் திறந்தால் முதல் வாயைக் கடலுக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பது சந்தியாகுமுனை வழக்கம். அன்றைக்கும் தொழிலுக்குப் போய் அங்கே இருப்பவர்களுக்கு, போய்த் திரும்பாதவர்களுக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் இருந்த அந்த வழக்கத்தை, வெளியூர்க்காரர்கள் இப்படிப்பட்டதற்குக் கண் கலங்குவார்கள் என்று கண்டுகொண்ட கஸ்பார், நடையில் சேர்த்துவிட்டான். இருபது பேர், வாரம் இரண்டு நாள், நான்கு வருஷம். வருஷத்துக்கு ஒரு பொழுது நாக்கை நனைத்துக்கொண்டு மரியாதையாக இருந்த கடலுக்கு வாரம் நாற்பது வாய் போய்ச் சேர்ந்தது, அது அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மனைவிமாரோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவர்போல நடந்துகொண்ட சென்னியப்பன், கோப்பையை மோந்து பார்த்தார், ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார், பிறகு கஸ்பாரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இத்தன ருசியான பண்டத்தக் கொண்டுபோய் உப்புத்தண்ணிக்குள்ள ஊத்தறதுங்களா? அதுக்கென்னங்க தெரியும்?"

எல்லோரும் சிரித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் குடித்தார்கள். வேறு நாளாக இருந்தால் கஸ்பார், திரும்பி வராத ஒரு படகின் கதையை எடுத்துவிட்டு அவர்களை ஊற்ற வைத்திருப்பான். அன்றைக்கு அவன் மனசு, விடிந்தால் இரண்டாவது ஓலை என்பதிலேயே இருந்தது. தன் கோப்பையையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான். அலை ஒன்று அவர்கள் காலடி வரைக்கும் வந்தது, நின்றது, போனது. மறுபடி வந்தது, கொஞ்சம் கூடுதலாக நின்றது.

வேனுக்குப் பக்கத்தில் கஸ்பார் தலைகளை எண்ணினான். பத்தொன்பது. திருப்பி எண்ணினான், பத்தொன்பது. பின்னாலிருந்து முன்னால் எண்ணலாம் என்று வரிசையின் கடைசிக்குப் போனபோது, சென்னியப்பனின் மனைவிக்குப் பின்னால், தார் ரோட்டில், கடல் நின்றுகொண்டிருந்தது. ஆறடி அகலம், முழங்கால் உயரம், நடுவில் ஒரு சின்ன அலை, ரேஷன் கடை வரிசையில் கால் மாற்றி நிற்பவர்களைப்போல ஏறி இறங்கிக்கொண்டு. முழுக் கடலும் வந்துவிட்டதா என்றால் இல்லை, மிச்சம் அதன் இடத்திலேயே கிடந்தது. வந்தது கடல்தானா என்றால் அதில் சந்தேகமே இல்லை, உள்ளே இரண்டு நெத்திலி.

ஒவ்வொரு நடையின் முடிவிலும் கஸ்பார் சொல்லும் வாய்பாடு ஒன்று உண்டு. "எண்ணிக்கை சரி. எதையும் விட்டுட்டுப் போகாதீங்க, எங்கள மறந்துட்டுப் போகாதீங்க, நடை முடிஞ்சுது, போயிட்டு வாங்க" என்று சொல்லி இரண்டு தடவை கை தட்டுவான். எண்ணிக்கை சரியாக வராததால் அன்றைக்கு அவன் அதைச் சொல்லவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், பதினெட்டுப் பேரும் ஏறிப் போனார்கள். சென்னியப்பன் மறுநாள் இணையத்தில், "கடல் அளவுக்கு மீறிப் பக்கத்தில் வருகிறது, மீன் குழம்பு நன்று" என்று எழுதி மூன்று நட்சத்திரம் போட்டார்.

கஸ்பார் வீட்டுக்கு நடந்தான். பின்னால் சளப், சளப் என்று கேட்டது. வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த ரெபேக்காள் நிமிர்ந்து பார்த்தாள்.

"லேய் தம்பி, யாருல அது பின்னால?"

"கடலுக்கா."

"அது தெரியுது. ஏன் வந்திருக்கு?"

"தெரியலக்கா. கூடவே வருது."

ரெபேக்காள் கத்தியைக் கழுவி வைத்தாள். "சாப்பிட்டாச்சா, இல்லையா? கேளு" என்றாள்.

அன்று ராத்திரியே சூசைநாயகம் கமிட்டியைக் கூட்டினார். கடல் எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை, அதை யாரும் ஒரு பிரச்சினையாக நினைக்கவில்லை. வந்த கடலில் யார் வலை போடுவது என்பதுதான் பேச்சு. வடக்குத் தெருவுக்குக் காலை, தெற்குத் தெருவுக்கு மாலை என்றும், விசைப்படகுகள் எக்காரணம் கொண்டும் தெருவுக்குள் வரக்கூடாது என்றும், கஸ்பார் குளிக்கப் போகும்போது எவரும் பின்னாலேயே போய்த் தூண்டில் போடக்கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள். கடல் ரெபேக்காள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. அலைச் சத்தத்துக்குக் குழந்தைகள் நன்றாகத் தூங்குவதாகத் தெரிந்ததும் அந்தத் தெருத் தாய்மார்கள் எல்லோரும் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அது வந்தது. கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதால் கடலை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று கொஞ்சம் தகராறு வந்து, கஸ்பாரோடு வந்ததால் ஆண்கள் பக்கம் என்று முடிவாயிற்று. எல்லோரும் முழங்காலிட்டபோது அது வற்றியது, எழுந்தபோது பெருகியது. ஆனால் பங்குச்சாமி இஞ்ஞாசியார் திராட்சை இரசக் கிண்ணத்தைத் தூக்கியபோது மட்டும் எட்டிப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. சாமியார் ஒரு கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு மிச்ச ஜெபத்தைச் சொன்னார். பிறகு இரண்டாவது ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார்.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள்.

"தடை இருக்கு சாமி."

சாமியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "யாரும்மா அது?"

"பொண்ணு. நாந்தான் டெல்பினா. அவரு பின்னால நிக்குது பாருங்க, அதுதான் தடை. இருவத்தாறு கொடி சாமி. ஒரு அலை உள்ள வந்தா ஒண்ணு மிஞ்சாது. தோட்டத்த விட்டு நான் வரமாட்டேன், இத விட்டு அவரால வரமுடியல. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இது அதோட எடத்துக்குப் போகணும். போகலைன்னா மூணாவது ஓலைய நீங்க வாசிக்க வேண்டாம்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடல் ஆறுதலாகக் கஸ்பாரின் கணுக்காலைத் தட்டிக்கொடுத்தது, அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வைனுக்குத்தானே வந்திருக்கிறது, ஊற்றிவிட்டால் போய்விடும் என்று திங்கட்கிழமை வீட்டுக்கொரு கோப்பையாகச் சேர்த்து ஊற்றினார்கள். கடல் ஒரே நாளில் ஏழு தடவை ஏறி இறங்கி, சூசைநாயகத்தின் மதில்மேல் சாய்ந்து வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, முன்னைவிடப் பாசமாகக் கஸ்பாரிடம் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை சாமியார் வந்து மந்திரித்தார். கடல் போகவில்லை, ஆனால் அதிலிருந்த தண்ணீரெல்லாம் தீர்த்தமாகிவிட்டது என்று பேச்சுக் கிளம்பி, பக்கத்து ஊர்ப் பங்குக் கோயில்களிலிருந்து பாட்டிலோடு ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். புதன்கிழமை கஸ்பார் யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய்த் திருச்செந்தூர் பஸ்ஸில் தொற்றினான். கடலும் பின்படியில் ஏறியது. கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணிக்கு டிக்கெட் கெடையாது, உள்ள மீன் இருந்தா லக்கேஜ் போடணும்" என்றார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பயணிகள் வேட்டியை மடித்துக்கட்டி, சேலையைத் தூக்கிச் செருகி, காலை நனைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். கஸ்பார் அவமானத்தோடு இறங்கி நடந்தே திரும்பினான்.

இதைவிடப் பயம் என்னவென்றால், ஊர் பழகிவிட்டது. வீட்டு வாசலில் மீன், தொட்டிலுக்குத் தாலாட்டு, பாட்டிலுக்குத் தீர்த்தம். வியாழக்கிழமை சூசைநாயகம் அவன் தோளில் கை போட்டார்.

"மக்கா கஸ்பாரு, பொண்ணு இன்னொண்ணு பாத்துக்கலாம்டே. தெருவுக்குள்ள கடல் எந்த ஊர்ல இருக்கு, சொல்லு பாப்போம்?"

"மாமா, நீங்க வேணும்னா ஒங்க பின்னால கூட்டிட்டுப் போங்க."

"அது எங்கிட்ட வரமாட்டேங்குதே" என்றார் சூசைநாயகம், உண்மையான வருத்தத்தோடு.

வெள்ளிக்கிழமை டெல்பினாவே இறங்கி வந்தாள். சிவப்பு மணல் தொடங்கும் இடத்தில் இருக்கும் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் கஸ்பார், அவனுக்கு நாலடி பின்னால் கடல். ஐந்து நாளில் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். கதையில் ஒரு புனிதரையும் சேர்க்காமல் கஸ்பார் சொன்னான்.

"அப்போ நடைய நீங்க முடிச்சே வைக்கலியா?"

"எண்ணிக்கை சரியா வரலியே டெல்பினா."

"அதையும் வந்த ஆளா வச்சுக்கிட்டிருந்தா சரியாத்தான வந்திருக்கும்? ஒம்பது வருசமா எம் பின்னால வாங்க, எல்லாரும் வாங்கன்னு அது காதுல விழ விழக் கூப்பிட்டிருக்கீங்க. ஒருநாள் வந்திருக்கு. வந்த ஆளுக்கு ஒண்ணையும் காட்டாம நடு ரோட்டுல விட்டா அது எங்க போவும்?"

கஸ்பார் திரும்பிப் பார்த்தான். கடல் கல்லில் ஒட்டியிருந்த ஒரு நத்தையைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தது.

"முழு நடையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள் டெல்பினா.

"முழு நடைன்னா அதுல ஒந் தோட்டமும் உண்டே."

காற்று உப்பு வாடையோடு அவள் பக்கமாக அடித்தது. "எனக்குத் தெரியும். வாசல்ல நான் நிக்கேன்" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கஸ்பார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கலங்கரை விளக்கத்தடியில் நின்று எண்ணினான். "ஒண்ணு." கையை வீசி, "வாங்க, எம் பின்னாலேயே வாங்க" என்றான். ஊர் மொத்தமும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது.

நூற்றுப் பன்னிரண்டு படியிலும் கடல் அருவி தலைகீழாகப் போவதுபோல ஏறியது. உச்சியில் கஸ்பார் வழக்கம்போல, "இங்க இருந்து பாத்தீங்கன்னா" என்று ஆரம்பித்து, அதற்குமேல் சொல்ல முடியாமல் நின்றான். கடல் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே, கரையிலிருந்து வானம் முடிகிற இடம் வரைக்கும், கடல். தன்னை அது அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. கரைகளைப் பார்த்திருக்கிறது, படகுகளின் அடிவயிற்றைப் பார்த்திருக்கிறது, தன்னைப் பார்க்க அதற்கு ஒரு மேடு கிடைத்ததில்லை. அலை அடங்கிப் போயிற்று. ஒன்பது வருஷமாக அதே இடத்தில் நின்று அதே கடலைப் பற்றி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு, ஒரு நாள்கூடத் தான் அதைப் பார்த்ததில்லை என்பது கஸ்பாருக்கு அப்போதுதான் உறைத்தது, அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பொய் வரவில்லை. குகையில், "இங்க யாரும் வந்ததில்ல, ஆடுதான் ஒதுங்கும்" என்றான். நங்கூரத்தைக் காட்டி, "இது சூசைநாயகம் மாமா அப்பா பழைய இரும்புக் கடையில வாங்கினது" என்றான்; கூட்டத்திலிருந்த சூசைநாயகம், இத்தனை வருஷம் கேட்க ஏங்கிய அந்த வார்த்தையைக் கேட்டதும் என்னவோ பொய்தான் நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் ரெபேக்காள் இலை போட்டுவிட்டு, குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"சொந்தக்காரங்களையே கொழம்பு வச்சு எப்பிடில எலையில போடுறது?" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து சாம்பார் வாங்கி வந்து ஊற்றினாள்.

மூன்று மணிக்குத் தோட்டத்து வாசல். டெல்பினா வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இருபத்தாறு கொடிகளும் அப்போதுதான் காய் கட்டியிருந்தன. தேரிச் சரிவில் ஊர் மூச்சுக் காட்டாமல் நின்றது.

"செருப்பக் கழட்டுங்க" என்றாள். கஸ்பார் கழற்றினான், காலைக் கழுவினான், உள்ளே போனான். கடல் அவன் பின்னால் நகர்ந்தது. டெல்பினா கையை நீட்டி மறித்தாள். குரல் மேற்றிராணியாரிடம் பேசிய அதே குரல்தான்.

"யாரா இருந்தாலும் இங்க சட்டம் ஒண்ணுதான். உப்பக் கழட்டி வாசல்ல வச்சிட்டு உள்ள வா."

கடல் நின்றது. அதனிடம் இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் நுரைத்தது, கொஞ்சம் பின்வாங்கியது, போய்விடுமோ பாய்ந்துவிடுமோ என்று ஊர் கையைப் பிசைந்தது. பிறகு, குளிக்கப்போகிறவர்கள் சட்டையைக் கழற்றுவதுபோலக் கூச்சத்தோடு, ஓர் ஓரமாக ஒதுங்கி, அலை அலையாகத் தன்னை உதறியது. உதறி முடித்தபோது கஸ்பாரின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்கு வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்திருந்தது.

உள்ளே வந்த தண்ணீர் மெலிந்து, வெளுத்து, காலடிச் சத்தம்கூட இல்லாமல் இருந்தது. முதல் கொடியின் அடிக்குப் போயிற்று. டெல்பினா கஸ்பாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வளையல் பதியும் அளவுக்கு. தண்ணீர் இரண்டாவது கொடிக்குப் போயிற்று, மூன்றாவதுக்குப் போயிற்று, இருபத்தாறு கொடியையும் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்து, இவ்வளவு நாளும் தனக்கு வந்துகொண்டிருந்தது இங்கிருந்துதானா என்பதுபோல, வேரோரம் கொஞ்சம் நின்று நின்று சுற்றி வந்தது. டெல்பினா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டாள்.

"இனிக்குது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், இன்னொரு கை அள்ளிக் கஸ்பாரின் வாயிலும் விட்டாள். தேரிச் சரிவில் சாமியார் முதல் ஆளாகக் கை தட்டினார்.

வெயில் தாழும் நேரத்தில், மாதா கோயில் பாறைக்குக் கீழே, டெல்பினா கடலுக்கு ஒரு கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். அது குடித்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கடல் நாலு வருஷமாகப் பார்த்து வந்த பிள்ளையல்லவா. கோப்பையை அலைமேல் வாங்கி, முதல் வாயைக் கரைமேல் ஊற்றியது, கரையில் இருப்பவர்களுக்கு. மிச்சத்தைக் குடித்தது.

கஸ்பார் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "எண்ணிக்கை சரி. எதையும் விட்டுட்டுப் போகாதீங்க, எங்கள மறந்துட்டுப் போகாதீங்க, நடை முடிஞ்சுது, போயிட்டு வாங்க." இரண்டு தடவை கை தட்டினான். கடல் கிளம்பியது. பாதி தூரம் போய் நின்றது, திரும்பியது, தேரிப் பக்கம் பார்த்தது.

"உப்பு!" என்று கத்தினாள் டெல்பினா.

ஊரே ஓடியது. கூடை, குடம், முறம், தொட்டில் துணி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்கள். ஊறுகாய்க்கு ஆகுமே என்று முந்தானையில் முடிந்துவைத்திருந்த ரெபேக்காளும் கடைசியில் முடிச்சை அவிழ்த்தாள். சூசைநாயகம் எல்லோரும் போன பிறகு வந்து, சட்டைப் பையைத் திருப்பி உதறிவிட்டுப் போனார். கடல் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, ஒருமுறை உடம்பைக் குலுக்கிச் சரிசெய்துகொண்டு, தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. கஸ்பார் வீடு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். தரையில் ஈரம் இல்லை. இத்தனை பாடுபட்டு விரட்டியதை நினைத்து அவனுக்கு என்னவோபோல இருந்தது, குதிகால் காய்ந்திருப்பது பிடிக்கவில்லை.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள், யாரும் எழவில்லை. அடுத்த புதன்கிழமை கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் சாமியார் பதிவேட்டை விரித்தார். பெண் பக்கத்துச் சாட்சியாக டெல்பினாவின் சித்தப்பா கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி யார் என்று சாமியார் கேட்டபோது சூசைநாயகம் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். அதற்குள் பாறைக்குக் கீழே ஒரு சத்தம். ஓர் அலை, ஒன்றே ஒன்று, படி ஏறி வந்தது. கோயில் வாசலில் நின்று, முகப்பில் கழற்றிக் கிடந்த செருப்புகளைப் பார்த்து, ஒரு பிடி உப்பை மட்டும் மரியாதைக்குக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து, பீடத்தடியில் நின்றது.

சாமியார் கஸ்பாரைப் பார்த்தார், கஸ்பார் டெல்பினாவைப் பார்த்தான், டெல்பினா தலையசைத்தாள். சாமியார் பதிவேட்டைத் தாழ்த்திப் பிடித்து, "எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வைக்கலாம்" என்றார்.

அந்தப் பக்கத்தை இன்றைக்கும் பார்க்கலாம். நடையில் அதையும் சேர்த்திருக்கிறான் கஸ்பார், குகைக்குப் பதிலாக. வருஷா வருஷம் சித்திரை வெயிலில் பதிவேட்டை விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து சாமியார் காயப்போட்டுப் பார்க்கிறார். மற்ற மையெல்லாம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி மட்டும் இன்னும் காயவில்லை.